சபரில் விபத்தில் இறந்த முன்னோரைத் தேடுவது எப்படி?

"பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்து மவுத்தாகிவிட்டாராம்." "உம்மாவின் வாப்பா சிங்கப்பூரில் வேலை செய்கையில் சங்கிலி அறுந்து போய்ச் சேர்ந்தாராம்." நம் ஊர்களில் இப்படி ஒரு செய்தி இல்லாத குடும்பங்கள் குறைவு. எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எங்கே அடக்கம் செய்தார்கள், நஷ்டஈடு வந்ததா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

எங்கள் மஹல்லாவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஒரு நாள் தம் வாப்பாவின் பெயரால் ஏழைகளுக்குச் சோறு கொடுப்பார். அவர் உம்மாவின் வயிற்றில் இருந்தபோதே வாப்பா சபரில் இறந்துவிட்டார். "அந்த நாள்தான் வாப்பா இறந்த நாளா?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாது ஹஸ்ரத். உம்மா சொன்னாங்க, அதையே பிடிச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பெனி கொடுத்த காசைப் பெரிய மாமு தின்னுட்டார்னு சொல்வாங்க. அந்த வீட்டோட எங்களுக்குப் போக்குவரத்து இல்லே" என்றார். இரண்டு தலைமுறைகளாக இரண்டு குடும்பங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு ஆதாரம் "சொல்வாங்க" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

இத்தகைய மரணங்களைப் பழைய ஆவணங்களில் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடாது. ஆனால் முறையாகத் தேடினால், பெரும்பாலும் முன்பு அறியாத ஏதாவது ஒன்று கிடைக்கும். உறவுகளைச் சேர்த்து வாழ்வதற்குத் தேவையான அளவு உங்கள் வம்சாவளியை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் திர்மிதீயில் நபிமொழி உள்ளது. இந்தத் தேடலையும் அந்த நிய்யத்தோடு தொடங்குவோம்.

முதலில் வீட்டுப் பெட்டி

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டில் உள்ளதைத் திரட்டுங்கள்.

1. கடிதங்கள். அக்காலச் சபராளிகள் பலர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் எனும் இந்த எழுத்தை இன்றைய பிள்ளைகளால் படிக்க முடியாது. ஏதோ துஆ கிதாபு என்று நினைத்து பரணில் கட்டி வைத்திருப்பார்கள். வயதான ஆலிம்களிடமும், சிறு வயதில் ஓதும் பள்ளியில் அரபுத்தமிழ் கற்ற மூத்த பெண்களிடமும் காட்டுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். அது தாளையே கெடுத்துவிடும்.

2. மணியார்டர் துண்டுகள், கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட், புகைப்படத்தின் பின்பக்கம் உள்ள ஸ்டுடியோ முத்திரை. கடைசியாகப் பணம் வந்த மாதம் தெரிந்தால், மரணம் அதற்குப் பிறகுதான் நடந்திருக்கும்.

3. சொத்துப் பத்திரங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. வாரிசுகள் வீட்டையோ நிலத்தையோ விற்கும்போது, "மேற்படியார் இன்ன ஊரில் இன்ன தேதியில் காலமாகிவிட்டபடியால்" என்று பத்திரத்தில் எழுதுவது வழக்கம். மூலப் பத்திரம் தொலைந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு செய்யலாம். பத்திர எண் தெரியாவிட்டால் வில்லங்கச் சான்றில் தொடங்குங்கள்.

4. ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். மூத்த மகளின் நிக்காஹில் தந்தை பெயர் வெறுமனே இருந்து, இளைய மகளின் நிக்காஹில் "மர்ஹூம்" என்று சேர்ந்திருந்தால், மரணம் அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் நடந்திருக்கிறது. விதவையின் மறுமணம் பதிவாகியிருந்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். தஃப்தரைப் புரட்ட முத்தவல்லியிடம் அனுமதி பெறுங்கள். பிற குடும்பத்தாரின் விவரங்கள் கண்ணில் பட்டால் அதை வெளியே பேசாதீர்கள்.

5. மூத்தவர்களின் நினைவு. அவர்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். "கேள்விப்பட்டேன்" என்றால் யாரிடம் கேள்விப்பட்டார் என்பதையும் எழுதுங்கள். இதன் அவசியத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தேதியைப் பிடிப்பது

நம் பாட்டிமார் ஆங்கிலத் தேதியை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். "நாகூர் கந்தூரிக்குக் கொடியேறி மூணாம் நாள் தந்தி வந்தது" என்று சொல்வார்கள். இது அலட்சியப்படுத்த வேண்டிய தகவல் அல்ல. நாகூர் கந்தூரிக் கொடி ஜமாதுல் ஆகிர் முதல் பிறையை ஒட்டி ஏறும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆங்கிலத் தேதியை நெருங்கிவிடலாம். உதாரணமாக, ஹிஜ்ரி 1349-இன் ஜமாதுல் ஆகிர் 1930 அக்டோபர் 24-ஐ ஒட்டித் தொடங்கியது. ஆகவே மூன்றாம் நாள் என்பது அக்டோபர் 26-ஐ ஒட்டி வரும். "மவ்லூது மாசம்", "நோன்புக்கு முந்திய பராஅத்து" போன்ற அடையாளங்களையும் இப்படியே மாற்றலாம்.

மூன்று எச்சரிக்கைகள். பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் ஒரு நாள் வித்தியாசம் வரும். நம் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. எனவே இரவில் நடந்த மரணம் ஆங்கிலத் தேதியில் முந்திய நாளாக இருக்கும். மேலும், ஊருக்குத் தகவல் வந்த நாளையே இறந்த நாளாகக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். தந்தியானால் ஓரிரு நாள் வித்தியாசம். கடிதமானால் வாரக்கணக்கில் வித்தியாசம். எனவே கிடைத்த தேதிக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மாதம் தேட வேண்டும்.

பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கும்?

ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். காதர் என்பது ஆங்கிலத்தில் 'கே' எழுத்திலும் இருக்கும், 'சி' எழுத்திலும் இருக்கும். முஹம்மது என்பது மொஹமத், மஹோமெட், மஹமூது என்று பல வடிவில் வரும். சாகிபு என்பது சாஹிப், சைபோ, சாய்பூ ஆகும். மரைக்காயர் என்பது மரிக்கான், மெரிக்கான், மரிக்கார் ஆகும். ராவுத்தர் என்பது ரவுதர், ரோதர் ஆகும். சில ஆவணங்களில் தந்தை பெயர் முன்னால் வந்து, தந்தையே இறந்தவர் போலத் தோன்றும். மலாயாவில் "பின்" என்றும் எழுதியிருக்கலாம்.

இனப் பெயரும் மாறும். சிங்கப்பூர், பினாங்குப் பழைய பத்திரிகைகளில் நம்மவர்களைச் "சூலியா" என்றும், இழிவாகக் "கிளிங்" என்றும் எழுதினார்கள். இலங்கை அரசுப் பதிவுகளில் "கோஸ்ட் மூர்", "இந்தியன் மூர்" என்ற தலைப்பில் இருப்பார்கள். ஊர் மக்கள் சம்மான்காரர் என்றார்கள். கப்பல் பதிவுகளில் "லஸ்கர்" என்பதே அடையாளம். பெயரே இல்லாமல் "ஒரு தமிழ்க் கூலி" என்று மட்டும் இருப்பதும் உண்டு. ஆகவே பெயரை வைத்து மட்டும் தேடாமல், தேதி, இடம், விபத்தின் வகை ஆகிய மூன்றையும் வைத்துத் தேடுங்கள்.

எந்த நாட்டில் எங்கே தேடுவது?

சிங்கப்பூர், மலேசியா: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி இணையதளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிபியூன் முதலிய பழைய பத்திரிகைகளைத் தேடலாம். சொல்லைத் தட்டினால் பக்கம் வரும். விபத்து மரணங்களில் கரோனர் எனும் மரண விசாரணை அதிகாரி விசாரித்தார். "இன்குவெஸ்ட்" என்ற சொல்லோடு துறைமுகம், கப்பல், கிரேன், லாரி, லயம் போன்ற சொற்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். தீர்ப்பு "மிஸ்அட்வென்சர்" என்றிருந்தால் விபத்து மரணம் என்று பொருள். பத்திரிகைச் செய்தி கிடைத்த பின் மரணப் பதிவுக்கு விண்ணப்பிப்பது எளிது. சிங்கப்பூரில் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமும், மலேசியாவில் தேசியப் பதிவுத் துறையும் இதற்குரிய இடங்கள். கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாரா எனும் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் போன்ற பழைய அரசுக் கோப்புகள் உள்ளன. அட்டவணையை இணையத்திலேயே பார்க்கலாம்.

பர்மா: 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. அதுவரை நடந்தவற்றுக்கு இந்தியச் சட்டங்களே பொருந்தின. அரசுக் கோப்புகளின் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும், ஒரு பகுதி டெல்லியிலும் உள்ளது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது குண்டு விழத் தொடங்கியபின் நம்மவர்கள் கால்நடையாகவே வெளியேறினார்கள். அந்த மாதங்களில் இறந்தவர்களுக்குத் தனிப்பதிவு கிடைப்பது அரிது. ஜப்பானியர் 1942, 1943-இல் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழர்களின் நிலையும் இதுவே.

இலங்கை: கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களமும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் தொடக்க இடங்கள். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அங்கு 1934-இல் இயற்றப்பட்டது. கொழும்பு துறைமுகத்திலோ பேட்டைக் கிடங்குகளிலோ இறந்தவர்களானால் அந்த ஆண்டை நினைவில் வைத்துத் தேடுங்கள்.

இந்தியா: டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகம் தன் கோப்புகளில் பலவற்றை "அபிலேக் படல்" என்ற இணையதளத்தில் ஏற்றியிருக்கிறது. மலாயாவிலும் இலங்கையிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகள் இருந்தார்கள். தொழிலாளர் நலன், இறந்தவர்களின் பாக்கிச் சம்பளம் பற்றிய அவர்களின் கடிதங்கள் கல்வி, சுகாதார, நிலத் துறையின் வெளிநாட்டுப் பிரிவுக் கோப்புகளில் உள்ளன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாண அரசாணைகள், அரசிதழ்கள், துறை அறிக்கைகள் உள்ளன. அடையாளச் சான்றும் தேடும் பொருளை விளக்கும் கடிதமும் கொண்டு போங்கள். ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. முதல் நாள் முழுக்க அட்டவணை புரட்டுவதிலேயே போய்விடும்.

ரயில்வே: தென்னிந்திய ரயில்வேயில் நம்மவர்கள் பலர் ஃபிட்டராக, ஃபயர்மேனாக இருந்தார்கள். அதன் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்து, 1928-ஐ ஒட்டித் திருச்சி பொன்மலைக்கு மாறியது. 1951 ஏப்ரல் 14-இல் தென்னக ரயில்வே உருவானபோது பழைய நிறுவனம் அதில் சேர்ந்தது. சேமநல நிதி, பணிப்பதிவேடு பற்றிய மனுவைத் தென்னக ரயில்வேக்கே அனுப்ப வேண்டும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிய புயலில் தனுஷ்கோடி அருகே பாம்பன் ரயிலைக் கடல் கொண்டுபோனது போன்ற பெரிய விபத்துகளுக்குத் தனி விசாரணையும் ஏராளமான பத்திரிகைச் செய்திகளும் உண்டு. அதில் பணியிலிருந்த ஊழியர்களும் இறந்தார்கள்.

கப்பல்: பிரிட்டிஷ் கப்பல்களில் இறந்த மாலுமிகளின் பதிவேடுகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிடி 334 என்ற வரிசையில் 1891 முதல் உள்ளன. 1915-ஆம் ஆண்டுக் கப்பல் ஊழியர் பட்டியல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல பட்டியல்களில் ஊழியரின் வயதும் சொந்த ஊரும் உண்டு. போர்க்காலத்தில் கடலில் மூழ்கி கபரே இல்லாமல் போன இந்திய மாலுமிகளின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மும்பை, சிட்டகாங் நினைவுப் பட்டியல்களில் பதிந்துள்ளது. அதன் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம்.

நஷ்டஈடு: சட்டம் என்ன சொன்னது?

குடும்பச் சண்டைகளுக்கு முக்கியக் காரணம் இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி, பிறர் தவறால் இறந்தவரின் மனைவி, மக்கள், பெற்றோருக்காக வழக்குப் போடலாம். ஆனால் முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டும். கூலித் தொழிலாளியின் விதவை சிவில் கோர்ட் படியேறுவது நடைமுறையில் நடக்காத காரியம்.

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டிய தேவை போயிற்று. வேலையில், வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். ரயில்வே, ஆலை, சுரங்கம், துறைமுகம் முதலிய குறிப்பிட்ட தொழில்களுக்கு அது பொருந்தியது. சட்டத்தின் முதல் வடிவில், வயது வந்தவர் இறந்தால் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மாதம் 25 ரூபாய் சம்பளம் என்றால் 750 ரூபாய். "லட்சக்கணக்கில் வந்தது" என்ற குடும்பக் கதைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

மரணத்துக்கான தொகையை முதலாளி நேராக வாரிசுகளிடம் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது. நஷ்டஈட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று அவர் விசாரித்துப் பிரித்துக் கொடுப்பார். அதனால்தான் இந்தக் கோப்புகள் குடும்ப வரலாற்றுக்குப் பொன் போன்றவை. மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லோர் பெயரும் வயதும் அதில் வரும். ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருந்தால், சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் பெயரோடு முழு விவரமும் அச்சாகியிருக்க வாய்ப்புண்டு. இந்தியன் கானூன் இணையதளத்தில் பழைய தீர்ப்புகளை இலவசமாகத் தேடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று காட்டினால் முதலாளி தப்பிக்கலாம் என்ற விலக்கு சட்டத்தில் இருந்தது. மரணத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 1933-இல்தான் திருத்தினார்கள். எனவே அதற்கு முந்திய அறிக்கையில் உங்கள் பாட்டனார் மீது பழி எழுதப்பட்டிருந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். அந்தப் பழியால் லாபம் அடைந்தவர் யார் என்று பாருங்கள்.

இந்தியாவில் நடந்த விபத்து என்றால் போலீஸ் விசாரணையும் நடந்திருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவின்படி, பஞ்சாயத்தார் முன்னிலையில் உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது 194-ஆம் பிரிவு. பழைய கோப்புகள் பல கால வரம்பு முடிந்து அழிக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டுக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். "அழிக்கப்பட்டது" என்ற பதில் எழுத்தில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தலைமுறை அதே வாசலில் மீண்டும் நிற்க வேண்டியதில்லை.

ஸனது பார்ப்பது

மதரஸாவில் ஹதீஸ் படிக்கும்போது எங்கள் உஸ்தாதுமார்கள் முதலில் கற்றுக்கொடுப்பது, சொன்னது என்ன என்பதற்கு முன் சொன்னவர் யார் என்று கேட்பதைத்தான். பிறகு கல்லூரியில் கலைப் பட்டப்படிப்புக்கு வரலாறு படித்தபோது, அங்கும் இதே பாடம் வேறு பெயரில் வந்தது. குடும்பக் கதைக்கும் இதைப் பொருத்துங்கள்.

கண்ணால் பார்த்தவர் யார்? அவரிடம் கேட்டவர் யார்? நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறதா? சொன்னவருக்கு அந்தக் கதையில் ஆதாயமோ பகையோ உண்டா? அரசு ஆவணத்துக்கும் இதே கேள்விகள்தாம். விசாரணையில் சாட்சி சொன்னது மேஸ்திரியா, உடன் வேலை செய்தவரா? உடன் வேலை செய்தவர் தமிழில் சொன்னதை மொழிபெயர்த்தது யார்? அச்சில் வந்துவிட்டது என்பதாலேயே ஸஹீஹ் ஆகிவிடாது. வீட்டில் சொன்னார்கள் என்பதாலேயே பொய்யும் ஆகிவிடாது. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போனால் ஏற்கலாம். ஒன்றே ஒன்று இருந்தால், "இன்ன ஆவணம் இப்படிச் சொல்கிறது" என்று மட்டும் எழுதிவையுங்கள்.

கபர் எங்கே?

அக்கால வழக்கப்படி, இறந்த ஊரிலேயே நம்மவர்கள் அடக்கம் செய்திருப்பார்கள். சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளி, பினாங்கில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளி போன்றவை நம் மக்களின் மையங்கள். அந்தப் பள்ளிகளின் நிர்வாகத்துக்குப் பணிவாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். சிங்கப்பூர் பிடாடாரி அடக்கத்தலத்தின் முஸ்லிம் பகுதி 1910-இல் திறக்கப்பட்டது. நிலத் தேவைக்காக அரசு 2001 முதல் 2006 வரை அங்கிருந்த கபர்களை அகற்றி, எச்சங்களைச் சுவா சூ காங் பகுதியில் மறு அடக்கம் செய்தது. எனவே பழைய கடிதத்தில் உள்ள இடத்தில் இன்று கட்டடங்கள் இருக்கலாம். கபரைப் பார்க்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். துஆவுக்குத் தூரம் கிடையாது.

மார்க்கம் தொடர்பான சில கேள்விகள்

இப்படி இறந்தவர் ஷஹீதா? நீரில் மூழ்கி இறந்தவரும், இடிந்து விழுந்ததில் சிக்கி இறந்தவரும் ஷஹீதுகளில் சேர்வர் என்று புகாரி, முஸ்லிமில் வரும் நபிமொழி அறிவிக்கிறது. தீயில் கருகி இறந்தவரையும் அபூதாவூதில் உள்ள அறிவிப்பு சேர்க்கிறது. இவர்கள் மறுமைக் கூலியில் ஷஹீதுகள். குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்கம் செய்வது மற்ற மய்யித்துகளைப் போலவே.

மரணம் உறுதியான பின் இன்று காயிப் ஜனாஸா தொழலாமா? ஹனஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா இல்லை. ஷாஃபி மத்ஹபில் உண்டு. ஆனால் அவர் இறந்த நாளில் ஜனாஸாத் தொழுகை கடமையாகும் நிலையில் இருந்தவர்தான் தொழ வேண்டும். அன்று பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அவர்கள் துஆவும் ஸதக்காவும் செய்யட்டும். அதற்குச் சரியான தேதியும் நிபந்தனை அல்ல.

நஷ்டஈட்டுப் பணத்தை இன்று மீராஸ் கணக்கில் பிரிக்க வேண்டுமா? ஆணையர் சட்டப்படி குறிப்பிட்ட ஆட்களுக்குக் கொடுத்த தொகையும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தும் ஒன்றல்ல என்று பல ஆலிம்கள் கருதுகிறார்கள். எனவே ஆவணம் கிடைத்த வேகத்தில் பங்கு கேட்டுக் கிளம்பாதீர்கள். முஃப்தியிடம் கோப்பைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் பாட்டனார் பட்ட கடன் ஏதேனும் கடிதத்தில் தெரியவந்தால், கொடுத்தவரின் வாரிசைத் தேடி அடைக்க முயலுங்கள். முஃமினின் ஆன்மா அவர் கடனில் தொங்கிக்கொண்டிருக்கும் என்ற எச்சரிக்கை நபிமொழியில் உண்டு.

காணாமலே போனவராக இருந்தால்? 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், கணவர் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமல் போனால் மனைவி நீதிமன்றத்தை அணுக வழி தந்தது. பாட்டியார் அவ்வாறு வழக்குத் தொடுத்திருந்தால் மாவட்ட நீதிமன்றப் பதிவிலும் தடயம் இருக்கலாம்.

அந்த மூதாட்டியின் பெட்டி

மூதாட்டியின் பேரனிடம் மேற்சொன்ன வேலைகளைச் செய்யச் சொன்னேன். பத்திரிகைகளில் பெயர் அகப்படவில்லை. நஷ்டஈட்டுக் கோப்பும் இல்லை. ஆனால் வீட்டுத் தகரப் பெட்டியில் துஆ கிதாபுகளோடு சேர்த்துக் கட்டியிருந்த மூன்று கடிதங்கள் அரபுத்தமிழில் இருந்தன. இரவு இஷாவுக்குப் பின் உட்கார்ந்து படித்தேன். எழுதியவர் பெரிய மாமு. மச்சான் காண்டிராக்டர் ஆள் என்றும், தங்கள் பேரேட்டில் அவர் பெயர் இல்லை என்றும் கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். கஃபனுக்கும் அடக்கத்துக்கும் உடன் வேலை செய்தவர்கள் காசு சேர்த்தார்கள். மீந்த தொகையைத் தங்கைக்கு மணியார்டர் செய்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்த மணியார்டரின் துண்டும் அதே கட்டில் இருந்தது. கடிதத்தில் இருந்த தேதி ரஜப் அல்ல, ஷஅபான்.

மாமு சொன்னது அவர் தரப்பு மட்டும்தான் என்று பேரன் சொன்னான். சரியான கேள்விதான். ஆனால் துண்டில் தபால் முத்திரை இருந்தது. தங்கை பணம் பெற்றுக்கொண்ட அடையாளமாக அது அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. காசைத் தின்றார் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை.

படித்து முடித்ததும் மூதாட்டி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நாங்க இத்தனை வருஷம் பேசாம இருந்ததுக்கு யாரு ஹஸ்ரத் பதில் சொல்றது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாமுவின் மகன் உயிரோடு இல்லை. பேரன்மார்தான் இருந்தார்களாம்.

இறந்தவர்களைத் திட்டாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நம் குடும்பங்களில் விபத்தில் போனவரைப் பற்றியும், அவருக்கு அருகில் இருந்தவரைப் பற்றியும் சொல்லிவரும் கதைகளை ஒருமுறை பெட்டியைத் திறந்து சரிபார்ப்போம். கிடைத்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, படங்களை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துவைப்போம். மூத்தவர்களைக் கேட்க வேண்டியிருந்தால் இந்த வெள்ளிக்கிழமையே கேளுங்கள்.

ஹலாலான ரிஸ்க்கைத் தேடிப் போன இடத்தில், கடலிலும் கரையிலும் உயிர்விட்ட நம் முன்னோர்களின் பாவங்களை அல்லாஹ் மன்னித்து, அவர்களின் கபர்களை விசாலமாக்கி, ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவானாக. ஆமீன்.